பெருவாய்க் கைத்துப்பாக்கியும் சிங்கப்பூரும்

திருக்குறளில் வான்சிறப்பைப் பாடஞ் சொல்லும் ஆசிரியர், அதன் இரண்டாம் குறளுக்கு வந்ததும் சிறிது நின்றுதான் மேலே செல்ல வேண்டியிருக்கும். அக்குறளில் ‘துப்பாக்கி’ என்று ஒலிக்கும் எழுத்துத் தொடர் ஒன்று வருகிறது. வந்த அளவிலே பின்வரிசையில் சிரிப்பொலி எழும். ஆங்குத் துப்பு என்பது உணவு. உண்பார்க்கு உணவை விளைவித்துத் தானும் உணவாகும் மழையின் சிறப்பே ஆங்குப் பேசப்படுவது. வெடிக்கும் துப்பாக்கிக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. கருவியைக் குறிக்கும் சொல் துருக்கி மொழியின் வழிவந்தது என்பர் அகராதியார். தோட்டா என்னும் சொல் இந்துஸ்தானியிலிருந்து வந்தது. பறங்கியர் கொணர்ந்த பெருங்குழல் பீரங்கி ஆயிற்று. மலாய் மொழியில் துப்பாக்கியைச் ‘செனாப்பாங்’ என்பதும் டச்சுக்காரரின் ‘ஸ்னாப்ஹான்’ என்பதன் திரிபே. கருவி எவ்வழி வந்ததோ அவ்வழியே பெயரும் வந்தது. ஆயினும் அதன் உறுப்புகளுக்குப் பெயரிட்டபோது நம் மக்கள் வீட்டுச் சொற்களையே எடுத்துக்கொண்டனர்: குழல், குண்டு, மருந்து, குதிரை.

சொல்லைப் பற்றிப் பேசும்போதே ஒரு திருத்தத்தையும் கூறிவிடலாம். ‘தோட்டா பாய்ந்து இறந்தார்’ என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. பாய்வது தோட்டா அன்று, குண்டு. தோட்டா என்பது பித்தளைக் கூடு, அதனுள் வெடிமருந்து, அடியில் தீப்பொறி எழுப்பும் சிறு மூடி, முனையில் செருகிய ஈயக் குண்டு ஆகிய நான்கும் சேர்ந்த முழுப்பொருள். சுட்டபின் குண்டு மட்டுமே செல்லும். கூடு துப்பாக்கியிலேயே தங்கும். அந்த வெறுங்கூட்டை வெளியேற்றுவது எவ்வாறு என்னும் கேள்வியிலிருந்தே இன்றைய கைத்துப்பாக்கி பிறந்தது.

பழைய சுழல் துப்பாக்கியில் ஐந்து அல்லது ஆறு அறைகள் கொண்ட உருளை உண்டு. ஒரு முறை சுட்டதும் உருளை சுழன்று அடுத்த அறையைக் குழலின் நேரே கொண்டுவரும்; வெறுங்கூடுகள் அறைகளிலேயே கிடக்கும். எல்லாம் தீர்ந்தபின் கையால் தட்டி எடுக்க வேண்டும். சிங்கப்பூர்க் காவல்துறையினர் 1930களிலிருந்து பல்லாண்டுகள் இடையில் தாங்கியது வெப்லி என்னும் இவ்வகைத் துப்பாக்கியே. அத்துறைக்கெனச் செய்த வெப்லியில் தனியாக ஒரு பாதுகாப்புத் தடை வைக்கப்பட்டிருந்தது. சுழல் துப்பாக்கிக்கு அது மிக அரிய உறுப்பு.

அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கி இதனின் வேறு. அதில் தோட்டாக்கள் பிடிக்குள் செருகும் ஒரு பெட்டியில், ஒன்றன்மேல் ஒன்றாக, கீழிருந்து சுருள்வில் தள்ள நிற்கும். குண்டு முன்னே செல்லும்போது துப்பாக்கி பின்னே உதைக்கிறது அல்லவா? வீணாகும் அவ்வுதையையே இக்கருவி வேலை வாங்குகிறது. குழலின்மேல் அமைந்த கனத்த சறுக்குத் தகடு உதையால் பின்னோக்கி ஓடுகிறது. ஓடும்போதே வெறுங்கூட்டைப் பற்றி இழுத்து வெளியே எறிகிறது. சுத்தியை நிமிர்த்தி வைக்கிறது. பின்னர் வில்லின் விசையால் முன்னோக்கித் திரும்புகையில் பெட்டியின் மேல்நிற்கும் புதுத் தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி மூடிக்கொள்கிறது. இவ்வளவும் கண் இமைப்பதற்குள் முடியும். ஆயினும் அடுத்த குண்டு செல்ல விரல் மீண்டும் விசையை இழுக்க வேண்டும். ஏற்றுவது தானாக, சுடுவது கையால். ஆதலின் ‘அரை’ என்னும் அடைமொழி.

இவ்வமைப்பில் ஓர் ஆபத்து மறைந்துள்ளது. பெட்டியைக் கழற்றி எடுத்துவிட்டால் துப்பாக்கி வெறுமையாயிற்று என்று அறியாதார் எண்ணுவர். குழலுக்குள் முன்னமே ஏறிய தோட்டா ஒன்று அங்கேயே இருக்கும். உலகெங்கும் ‘வெறுந்துப்பாக்கி’ என்று எண்ணிக் கையாண்டு நேர்ந்த சாவுகளில் பல இவ்வொரு தோட்டாவால் நேர்ந்தவை. எத்துப்பாக்கியும் நிரம்பியதே என்று கொள்க என்பதைச் சுடுதளங்களில் முதற்பாடமாக வைத்திருப்பது இதனால்தான்.

இனிப் ‘பெருவாய்’ என்பதன் பொருள். குழலின் உள்விட்டத்தைக் கொண்டே துப்பாக்கியின் அளவைக் கூறுவர். 0.22 அங்குலம் என்றால் ஏறத்தாழ 5.6 மில்லிமீட்டர், 0.45 அங்குலம் என்றால் 11.4 மில்லிமீட்டர். உலகின் படைகளும் காவல்துறைகளும் இன்று மிகுதியாகக் கொள்வது 9 மில்லிமீட்டர். அதற்கு மேற்பட்டவை பெருவாய்த் துப்பாக்கிகள் எனப்படும். அவற்றுள் பெயர் பெற்றது ஜான் பிரௌனிங் என்னும் அமெரிக்கர் வகுத்த 0.45 அங்குலத் துப்பாக்கி. 1911 மார்ச் 29ஆம் நாள் அமெரிக்கப் படை அதனை ஏற்றது. அவ்வாண்டே அதன் பெயராகவும் நிலைத்தது. எடை ஏறத்தாழ 1.1 கிலோகிராம்; பெட்டியில் ஏழு தோட்டாக்கள்.

அது பிறந்ததற்குக் காரணம் சிங்கப்பூருக்கு நெடுந்தொலைவில் இல்லை. 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிலிப்பைன்ஸின் தென்தீவுகளில் மோரோ மக்கள் அமெரிக்கப் படையை எதிர்த்துப் போரிட்டனர். கிரீசும் வாளும் ஏந்தி ஓடிவரும் வீரனை 0.38 அங்குலச் சுழல் துப்பாக்கியின் குண்டுகள் பல பட்டும் நிறுத்தவில்லை என்று படையினர் முறையிட்டனர். பழைய 0.45 அங்குலத் துப்பாக்கிகளைக் கிடங்கிலிருந்து மீண்டும் எடுத்தனர். 1904இல் தாம்சன், லகார்ட் என்னும் இரண்டு அதிகாரிகள் சிக்காகோவின் கால்நடைக் கொட்டில்களில் மாடுகளைச் சுட்டும், இறந்த மனித உடல்களில் சுட்டும் ஆய்ந்தனர். 0.45 அங்குலத்திற்குக் குறைந்த குண்டு படைக்கு ஆகாது என்று முடிவுரைத்தனர். அருவருக்கத்தக்க ஆய்வு, அதன் முறையும் இன்றைய கண்ணுக்குத் திருத்தமானதன்று. ஆயினும் முடிவு மட்டும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு பெரும்படையின் இடைக்கச்சையில் தொங்கிற்று.

பெரிய குண்டு மனிதனை வீழ்த்தித் தள்ளும் என்னும் நம்பிக்கையைத் திரைப்படங்கள் வளர்த்துவிட்டன. சுடப்பட்டவன் காலிரண்டும் தரையைவிட்டு எழப் பின்னோக்கிப் பறந்து கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுவான். இயற்பியல் அறிந்த மாணவன் இதனை ஐந்து நிமிடத்தில் பொய்யென நிறுவலாம். 0.45 அங்குலக் குண்டின் நிறை ஏறத்தாழ 15 கிராம். வேகம் விநாடிக்கு 255 மீட்டர் அளவு. நிறையை வேகத்தால் பெருக்கினால் கிடைக்கும் உந்தம் 3.8. விநாடிக்கு 9 மீட்டர் வேகத்தில் வரும் ஒரு கால்பந்துக்கும் ஏறத்தாழ அதே உந்தம்தான் உண்டு. 60 கிலோகிராம் எடையுள்ள மனிதனை அது விநாடிக்கு ஏறத்தாழ ஆறு செண்டிமீட்டர் வேகத்தில்தான் நகர்த்தும். மேலும், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி குண்டு தாக்கியவனைத் தூக்கி எறியுமாயின் சுட்டவனையும் அவ்வாறே எறிந்திருக்க வேண்டும். குண்டு கொல்வது தள்ளுவதனால் அன்று. துளைப்பதனால், குருதியை வடிப்பதனால், நரம்பை அறுப்பதனால். எங்கே பட்டது என்பதே முதன்மையானது, எவ்வளவு பெரியது என்பதன்று என இக்காலத்து மருத்துவர் கூறுவர்.

9 மில்லிமீட்டர்க் குண்டோ சிறியது, 8 கிராம். ஆனால் விநாடிக்கு 360 மீட்டர் அளவில் விரைவது. ஆற்றலைக் கணக்கிட்டால் இரண்டும் 500 ஜூல் அளவிலேயே அமைகின்றன. உந்தம் மட்டும் பெரியதற்கு மிகுதி. உதையும் ஆதலால் அதற்கே மிகுதி. இன்னும் பெரியதான 0.50 அங்குலத் ‘டெசர்ட் ஈகிள்’ 2 கிலோகிராம் எடையுள்ளது. அதன் உந்தம் 0.45இன் இருமடங்குக்கும் மேல். திரைப்பட நாயகர்கள் அதனை ஒரு கையால் சுடுவது நடிப்பே.

சுடப் பழகுவோர்க்கு உதையைவிட உதையைப் பற்றிய அச்சமே பெரும்பகை. குழல் கைக்கு மேலே இருத்தலால் உதைக்கும்போது முனை மேலெழும். ஒருமுறை அதை உணர்ந்த கை, அடுத்த முறை குண்டு வெடிக்குமுன்பே அஞ்சிக் கீழ்நோக்கி அழுத்தும், கண் மூடிக்கொள்ளும். காதைக் கெடுக்கும் பேரொலியும் சேர்ந்துகொள்ளும். குண்டு இலக்கின் அடியில் மண்ணில் புதையும். பயில்பவர் ‘துப்பாக்கி சரியில்லை’ என்பார். இதனைத் திருத்தப் பயிற்றுநர் கையாளும் முறை ஆசிரியர்க்குச் சுவையானது. மெய்த்தோட்டாக்களிடையே மருந்தற்ற பொய்த்தோட்டா ஒன்றிரண்டை மாணவர் அறியாவண்ணம் கலந்து வைப்பர். பொய்த்தோட்டா வந்தபோது வெடி இல்லை, உதை இல்லை. ஆயினும் துப்பாக்கியின் முனை தலைகுனியும். மாணவரே தம் பிழையைத் தம் கண்ணால் காண்பார். நூறு முறை ‘அஞ்சாதே’ என்பதைவிட இது பயன் தரும். எழுத்துக்கூட்டிப் படிக்காமல் மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளையின் முன் பாடநூலில் இல்லாத ஒரு சொல்லை எழுதிக் காட்டுவதும் இதுபோன்றதே.

தமிழ்நாட்டு வரலாற்றிலும் இவ்வகைத் துப்பாக்கிக்கு ஓர் இடம் உண்டு. அமெரிக்கப் படை பிரௌனிங்கின் துப்பாக்கியை ஏற்ற அதே 1911இல், ஜூன் 17ஆம் நாள், மணியாச்சி நிலையத்தில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் கையில் இருந்ததும் பிரௌனிங் வகுத்த அரைத்தானியங்கியே, பெல்ஜியத்தில் செய்தது. வாஞ்சிக்குப் புதுச்சேரியில் சுடப் பயிற்றியவர் வ.வே.சு. ஐயர் என்று நூல்கள் கூறும். கம்பராமாயணத்தை ஆய்ந்தவரும், தமிழ்ச் சிறுகதைக்கு வழிவகுத்தவரும் ஆகிய அதே ஐயர்தாம்.

ஆங்கில அரசு துப்பாக்கியின் வாயளவைப் பற்றி அதற்கு முன்பே கவலை கொண்டிருந்தது. தன் படைக்குரிய அளவில் அமைந்த தோட்டாக்கள் களவுபோய்க் கிளர்ச்சியாளர் துப்பாக்கிகளுக்குப் பொருந்திவிடும் என்று அஞ்சி, 0.450 அங்குல அளவை இந்தியாவில் தனியார்க்குத் தடுத்தது. வேட்டைத் துப்பாக்கி செய்த ஆங்கிலக் கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை, 0.465, 0.470 என்று அளவைச் சிறிது மாற்றி விற்றன. இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்திலும் ‘தடைசெய்த குழலளவு’ என்னும் பாகுபாடு தொடர்ந்து வந்தது. வாயின் அளவைப் பார்த்து வகுக்கும் சட்டம் இது.

சிங்கப்பூரின் சட்டம் அவ்வாறு பார்ப்பதில்லை. 1913ஆம் ஆண்டின் ஆயுத, வெடிபொருள் சட்டம் நெடுங்காலம் அடிப்படையாக இருந்தது. காற்றால் இயங்கும் துப்பாக்கியையும் அது ஆயுதமாகவே கொண்டது. உரிமம் இன்றி எதையும் வைத்திருத்தல் குற்றம். 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் துப்பாக்கி ஏந்திய கொள்ளையரும் ஆள் கடத்துவோரும் நகரை அச்சுறுத்தினர். காவலர் உயிரும் போயிற்று. அதன் விளைவே 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டம். உரிமமற்ற துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருந்தாலே 5 முதல் 10 ஆண்டு சிறை. ஆறு பிரம்படிக்குக் குறையாது. ஊறு செய்யும் கருத்துடன் சுட்டாலும் சுட முயன்றாலும் மரண தண்டனை. குண்டு எவர்மீதும் படாவிட்டாலும் அதுவே. சுட்டவனுக்கு அக்கருத்து இல்லை என்று அவனே நிறுவ வேண்டும். நிறுவும்வரை இருந்ததென்றே சட்டம் கொள்ளும். உடன்சென்ற கூட்டாளியும், தடுக்கத் தன்னால் இயன்ற அனைத்தும் செய்ததாகக் காட்டாவிடின், தப்ப முடியாது. இரண்டுக்கு மேல் துப்பாக்கி வைத்திருப்பவன் ஆயுத வணிகன் எனவே கருதப்படுவான்.

இதன் கடுமை 2006இல் வெளிப்பட்டது. சிராங்கூன் அவென்யூ 4இல் ஒரு வீட்டுக்குள் இரவு விடுதி உரிமையாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் மலேசியாவில் பிடிபட்டார். அவர்மீது சுமத்தப்பட்டது கொலைக் குற்றம் அன்று; ஆயுதக் குற்றச் சட்டத்தின்படி சுட்ட குற்றம். கொல்லும் எண்ணத்தை அரசுத் தரப்பு நிறுவ வேண்டிய தேவை எழவில்லை. 2009 ஜனவரியில் தண்டனை நிறைவேறியது. அவர் பயன்படுத்தியது 0.22 அங்குலப் பெரட்டா. மோரோப் போரில் தோற்ற 0.38ஐவிடவும் மிகச் சிறியது. துளையின் அளவைப் பற்றிய அமெரிக்கப் படையின் வழக்கு ஒருபுறம் இருக்க, சிறுவாயும் உயிரைப் பறிக்கும் என்பதே சட்டத்தின் கணக்கு.

2021இல் சிங்கப்பூர் நாடாளுமன்றம் துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதக் கட்டுப்பாட்டுக்கெனப் புதுச்சட்டம் இயற்றிற்று. துப்பாக்கியை அச்சுப்பொறி கொண்டு வார்க்கும் கணினி வரைபடத்தை அனுமதியின்றி வைத்திருப்பதையும் அது விடவில்லை. இன்னொரு சிறு செய்தி: கைத்துப்பாக்கி வடிவில் செய்த சிகரெட் லைட்டரைக்கூட அந்நாட்டுக்குள் கொண்டுவரத் தடை உண்டு. தமிழ்நாட்டில் தீபாவளிக்குப் பிள்ளைகள் பொட்டு வெடித் துப்பாக்கியுடன் தெருவில் ஓடுவர். தேக்காவில் அவ்வொலி கேளாது. வெடிகள் அங்கு 1972இலேயே முழுதும் தடுக்கப்பட்டுவிட்டன.

அவ்வாறாயின் சிங்கப்பூரில் துப்பாக்கி சுடுதலை விரும்புவோர் என் செய்வர்? சுடுவோர் சங்கத்தில் உறுப்பினராகி, காவல்துறையின் உரிமம் பெற்று, சுடுதளத்தில் சுடலாம். சுவா சூ காங் வட்டாரத்துத் தேசியத் துப்பாக்கி சுடும் நிலையம் இவ்வகையில் பலர் பயின்ற இடம். துப்பாக்கி ஒருவருக்கு உரியதாயினும் அது அவர் வீட்டு அலமாரியில் உறங்காது. ஆயுதக் கிடங்கிலேயே பூட்டுண்டு கிடக்கும். உடைமை உண்டு, உடனிருப்பு இல்லை. துப்பாக்கி வாங்குவதன் இன்பம் அதைத் தொட்டுத் துடைத்து வைத்துக்கொள்வதில் பாதி என்று அமெரிக்கர் கருதுவர். அவருக்கு இது விளங்குவது அரிது. பெருவாய்த் துப்பாக்கிக்கு ஒலிம்பிக்கிலும் இடமில்லை. அங்குள்ள கைத்துப்பாக்கிப் போட்டிகள் 0.22 அங்குலமும் 4.5 மில்லிமீட்டர்க் காற்றுத் துப்பாக்கியுமே. 2014ஆம் ஆண்டு கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் சிங்கப்பூரின் தியோ ஷுன் ஷியே தங்கம் வென்றது அக்காற்றுத் துப்பாக்கியால். நாட்டுக்குத் தங்கம் கொணர்ந்த குழலின் வாயில் ஒரு மிளகு நுழைவதே அரிது.

கிடங்கில் வைக்கும் இம்முறை மிகை என்று எண்ணுவோர் ஸ்காட்லந்தின் டன்பிளேன் பள்ளியை நினைக்க வேண்டும். 1996 மார்ச் 13ஆம் நாள் காலை ஒருவன் அப்பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் நுழைந்து ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் 16 பேரையும் அவர்தம் ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். அவன் கையிலிருந்த கைத்துப்பாக்கிகள் நான்கும் உரிமம் பெற்றவை, வீட்டில் வைத்திருந்தவை. பிரிட்டன் 1997இல் முதலில் 0.22க்கு மேற்பட்ட கைத்துப்பாக்கிகளைத் தடுத்தது. சிறியது இருக்கட்டும் என்பதே அப்போதைய எண்ணம். அதே ஆண்டில் ஆட்சி மாறியது. இரண்டாம் சட்டம் 0.22ஐயும் தடுத்தது. வாயளவைக் கொண்டு கோடு கிழிக்க முயன்ற நாடு சில மாதங்களில் அக்கோட்டை அழித்துவிட்டது. அதன்பின் அந்நாட்டுப் போட்டியாளர்கள் பயிற்சிக்கு வெளிநாடு செல்ல நேர்ந்ததும் உண்மை. இழப்பு இல்லாத சட்டம் எதுவும் இல்லை.

துப்பாக்கி அறியாத நகரன்று சிங்கப்பூர். 1915 பிப்ரவரியில் இந்தியச் சிப்பாய்களின் கிளர்ச்சியைக் கண்டது. 1943இல் வாட்டர்லூ தெரு முகாமில் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த மலாயாத் தோட்டத்துப் பெண்கள், பால்மரம் சீவிய கைகளில் துப்பாக்கி ஏந்தி அணிவகுத்ததையும் கண்டது. 1967 முதல் தேசிய சேவையின்வழித் தலைமுறை தலைமுறையாக இளைஞர்கள் படைத்துப்பாக்கியைப் பிரித்துப் பூட்டக் கற்றனர். தேக்காச் சந்தையில் காய்கறி நிறுப்பவரும் கணக்கரும் ஆசிரியரும் அவருள் அடங்குவர். சுவிட்சர்லாந்தில் இத்தகைய வீரர் துப்பாக்கியை வீட்டுக்கு எடுத்துச் செல்வர். சிங்கப்பூரில் அது முகாமிலேயே நின்றுவிடும்.

காவலர் இடையில் உள்ள துப்பாக்கிக்கும் இவ்வடக்கம் உண்டா என்பதற்கு 2013 டிசம்பர் 8 ஒரு சோதனையாயிற்று. அன்று ஞாயிறு இரவு ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷயர் சாலையும் கூடும் இடத்தில், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த ஒருவர் பேருந்தின் அடியில் சிக்கி உயிர் துறந்தார். கூட்டம் கொதித்தது. ஏறத்தாழ 400 பேர் கலவரத்தில் இறங்கினர். காவல் வண்டிகள் கவிழ்க்கப்பட்டன. அவசர மருத்துவ வண்டி எரிந்தது. கல்லும் புட்டியும் பறந்தன. அதிகாரிகள் பலர் காயமுற்றனர். அவர்களிடம் துப்பாக்கி இருந்தது. ஒரு குண்டும் சுடப்படவில்லை. முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி ஜி. பன்னீர் செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு 2014இல் அறிக்கை அளித்தது. அன்றிரவு காவலர் இன்னும் உறுதியாக நின்றிருக்க வேண்டுமா என்று வாதிட்டவர் உண்டு. ஆனால் சிராங்கூன் சாலைச் சந்துகளில் அவ்விரவில் ஒரு 9 மில்லிமீட்டரோ 0.45ஓ வெடித்திருந்தால் புதுக்கோட்டையிலும் இராமநாதபுரத்திலும் எத்தனை வீடுகளுக்குத் தந்தி போலச் செய்தி பறந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்ப்பது தகும். கூட்டத்தில் சுட்ட குண்டு குற்றவாளியைத் தேடிச் செல்வதில்லை. அருகில் சோற்றுப் பொட்டலத்துடன் நின்றவனையும் துளைக்கும்.

முகாம்களில் சுடும் பயிற்சி முடிந்ததும் நடக்கும் ஒன்று, தேசிய சேவை செய்த ஒவ்வொருவரும் அறிந்தது. வீரர்கள் வரிசையில் நிற்பர். தோட்டாவோ வெறுங்கூடோ தம்மிடம் இல்லை என்று ஒவ்வொருவரும் உரக்க உறுதி கூற வேண்டும். சுட்ட தோட்டாக்களின் எண்ணிக்கையும் பொறுக்கிய கூடுகளின் எண்ணிக்கையும் ஒத்திருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் எவரும் நகரார்; வெயிலில் குனிந்து புல்லை விலக்கி, அந்தக் கால்விரல் அளவுப் பித்தளைத் துண்டு கிடைக்கும்வரை தேடுவர்.